ஸ்டெப்னி

"இன்னிக்கு அவன் வண்டியில ஒரு குறையாவது கண்டுபிடிக்காம வீட்டுப் படி ஏறமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே வெல்டர் செருப்பை மாட்டினார்.

"எவன் வண்டியில?" என்றாள் மனைவி, தெரியாதவள் போல.

"உன் தங்கச்சி புருஷன் வண்டியிலதான். வேற எவன் இருக்கான் எனக்கு எதிரி?"

மூன்று வருஷப் பகை. சின்னச் சின்ன ராணுவப் பொம்மை வண்டிகளை ஒட்டி, வண்ணம் தீட்டி, போர்க்களம் மாதிரியே ஜோடித்து வைக்கிற வருஷப் போட்டியில் ஆரம்பித்தது. அன்றைக்கு மண்டபமே சுற்றி நிற்கும்போது, "அண்ணே, டாங்கிக்குச் சங்கிலியைத் திருப்பிப் போட்டிருக்கீங்களே!" என்று கேட்டுவிட்டார் சகலை. கடிகாரம் ரிப்பேர் செய்கிற கண்ணாயிற்றே! நடுவர் அம்மா குனிந்து பார்த்தார். கைக்கு வந்த முதல் பரிசு போயே போய்விட்டது.

அதற்குப் பிறகு, விசேஷ வீட்டில் ஒருவர் நுழைந்தால் மற்றவர் செருப்பைத் தேடுவார்.

அக்காவும் தங்கையும் பேசி வைத்துக்கொண்டு, இந்த வருஷம் இருவருக்கும் ஒரே மாதிரி லாரி பாகங்கள் அடங்கிய பெட்டி வாங்கிக் கொடுத்தார்கள். சமாதானம் ஆகிவிடுமாம். நெருப்பில் நெய்யை ஊற்றினாலும் அணையுமாம்!

ஜெயிக்கிற வண்டிக்கு மண்டப வாசலில் இருக்கிற கண்ணாடிப் பெட்டியில் வருஷம் முழுக்க இடம். வெல்டர் பட்டறைக்குப் போகிற வழி அதுதான். அங்கே சகலையின் வண்டியைத் தினமும் பார்த்துக்கொண்டு போவதைவிட ஊரைச் சுற்றியே போய்விடலாம்.

மண்டபத்தில் காவலாளி ஓடி வந்தான்.

"உங்க வண்டி நல்லாத்தானே இருக்குங்க?"

"நேத்து வெச்ச மாதிரிதான் இருக்கு. ஏன், கால் முளைச்சு ஓடிடுமா?"

"இல்லீங்க, சும்மா கேட்டேன்."

அவருடைய வண்டி பாலைவனத்து லாரி. சல்லடையில் சலித்த மணல், வெயிலில் வெளுத்த வண்ணம். திருப்தியாக ஒரு பார்வை பார்த்துவிட்டு எதிர் மேஜைக்குப் போனார்.

போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

ஆற்றங்கரைச் சேற்றில் புதைந்து கிடந்தது ஒரு சாண் நீள லாரி. அதே பெட்டியிலிருந்து வந்த லாரிதானா இது? செம்மண் சேறு சக்கரத்தை விழுங்கியிருந்தது. அதன் ஈரம் விளக்கில் மின்னியது. தொட்டால் விரலில் ஒட்டும் என்று சத்தியம் செய்யலாம். வைப்பர் துடைத்த இடம் மட்டும் கண்ணாடியில் பிறை போலத் தெளிந்திருந்தது. கரையில் உட்கார்ந்து ஒருவன் பூட்ஸைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். அதிலிருந்து கொட்டுகிற தண்ணீர் பாதியில் நின்றிருந்தது. நின்றிருந்ததா, விழுந்துகொண்டிருந்ததா? வெல்டருக்கு எஞ்சின் உறுமுகிற சத்தமே கேட்டது.

மூச்சு விட மறந்து நின்றார். எத்தனை நேரம் நின்றாரோ!

'பாவி, மனுஷக் கையா இது!'

பிறகுதான் வந்த வேலை ஞாபகம் வந்தது. குனிந்தார். நிமிர்ந்தார். சுற்றி வந்தார். குறை என்று கடுகளவுகூட இல்லை. கடைசியில் லாரியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

"அம்மா! இங்க வாங்க. இந்த லாரிக்கு ஸ்டெப்னி சக்கரம் எங்கே? மாட்டுற இடம் காலியா கிடக்கு. என் வண்டியில இருக்கு, வந்து பாருங்க!"

கூட்டம் கூடிவிட்டது. நடுவர் அம்மா பூதக்கண்ணாடியோடு வந்தார்.

"ஆமா, இல்லையே. என்னங்க, மாட்ட மறந்துட்டீங்களா?" என்று சகலையிடம் கேட்டார்.

காவலாளி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். சகலை ஒரு முறை முறைத்தார். அவன் வாயை மூடிக்கொண்டான்.

"இருந்துச்சும்மா. இப்போ இல்ல. மார்க்கைக் குறைச்சுக்கோங்க" என்றார் சகலை.

"ஸ்டெப்னி இல்லாம எவனாவது ராணுவத்துல வண்டி எடுப்பானா?" என்று கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார் வெல்டர். மூன்று வருஷம் அடக்கி வைத்திருந்த சிரிப்பு.

அரை மார்க்கில் முதல் பரிசு பாலைவனத்து லாரிக்குப் போனது.

கைதட்டல் ஓய்ந்தது. கண்ணாடிப் பெட்டியைத் திறந்துவிட்டார்கள். உள்ளே வைப்பதற்காக வெல்டர் தன் வண்டியைத் தூக்கினார். இடது பக்கப் பின் சக்கரம் 'பொத்'தென்று கழன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது.

"நான் ஒட்டினது கழலாதே" என்று முணுமுணுத்துக்கொண்டே அதைப் பார்த்தார்.

வெளிப்பக்கம் மணல். அவருடைய பாலைவனத்து மணலேதான்.

திருப்பினார்.

உள்பக்கம் செம்மண் சேறு. ஈரம் மின்னியது.

காவலாளி தலையைச் சொறிந்தான். "நேத்து மேஜையை நகர்த்தறப்போ உங்க வண்டியைத் தட்டிவிட்டுட்டேங்க. அந்தச் சக்கரம் என் கால்ல மிதிபட்டுத் தூளாயிடுச்சு. அவர் பார்த்துட்டு..."

வெல்டர் மெல்லத் திரும்பினார்.

மூலையில் சகலை தன் லாரியை அட்டைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்:

"வெளிச்சம் போயிடுச்சு அண்ணே, உள்பக்கம் மணல் பூச முடியல. யாரும் பார்க்கறதுக்குள்ள நீங்க பூசிடுங்க."