அந்தப் பக்கத்துச் சுவிட்சு

மேட்டூர் கரண்ட் சங்ககிரிக்கு வந்த புதிது. தீர்த்தகிரி வீட்டுப் படுக்கையறையில் கட்டிலோரம் ஒரு சுவர் விளக்கு வைக்கப் போயிருந்தேன். அந்த அறைக்கு இருந்த ஒரே சுவிட்சு கதவுப் பக்கம் இருந்தது. போன தை மாதம் அவர் மனைவி அத்தாயி, இருட்டில் எழுந்து அதைத் தேடித் தடவிக்கொண்டு போகும்போதுதான் விழுந்து இறந்துபோனார்.

பழைய லைனிலிருந்து ஒயரை இழுத்து வந்து, தலைமாட்டுச் சுவரில் சுவிட்சுக் கட்டையை வைத்துப் பிடித்தேன்.

"இன்னுங் கொஞ்சம் கீழ வைங்க. படுத்துக்கிட்டே கை எட்டோணும்," என்றார் பக்கத்தில் நின்ற தீர்த்தகிரி.

"இதே உங்களுக்கு எட்டுமுங்களே."

"நான் இந்தப் பக்கம் படுக்கறதில்லீங்க."

ஒரு சாண் இறக்கி முடுக்கினேன். சுவிட்சை அணைத்து வைத்துவிட்டு, இருவரும் வெளியே மெயினுக்கு வந்தோம். வீட்டில் வேறு யாரும் இல்லை.

மெயினைப் போட்டேன். உள்ளே சுவிட்சைத் தட்டும் சத்தம் கேட்டது. கதவிடுக்கில் மஞ்சளாக வெளிச்சம் விழுந்தது.

தீர்த்தகிரி உள்ளே போகவில்லை. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த வெளிச்சத்தையே பார்த்தார்.

"இப்ப எட்டுதாட்டம் இருக்குதுங்க," என்றார்.