நாலு விரல் கீழே

பெட்டியின் மூடியை அவன் அவளுடைய விரல்களின் மேலேயே அறைந்து சாத்தினான்.

அவள் கையை உருவி மறு கையால் பொத்திக்கொண்டாள். நாலு விரலும் கன்றிச் சிவந்துவிட்டன. எது கேட்டாலும் வாங்கிக் கொடுத்துவிடுவேன் என்று நினைப்பா என்று அவளிடம் உறுமிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போலக் கடைக்காரரிடம் திரும்பினான் அந்தப் புருஷன்.

அது நெடும்பயணம் போகிற பைக்குகளுக்குப் பெட்டியும் பையும் ஹெல்மெட்டும் விற்கிற கடை. பெண்டாட்டியைப் பின்னால் வைத்துக்கொண்டு மலைப்பாதையெல்லாம் சுற்றப் போவதாக, வந்ததும் வராததுமாக அவன் பீற்றிக்கொண்டான். தோளில் சிவப்புக் கோடு போட்ட கறுப்பு ஜாக்கெட், கறுப்புக் கண்ணாடி வைத்த ஹெல்மெட் வேறு. இரண்டு பக்கப் பெட்டியும் அவன் சாமானுக்காம். அவளுக்கு என்ன பெரிய சாமான், மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டு வரட்டுமாம்.

கனமானதைப் பக்கத்தில் கீழே வையுங்கள், மேலே ஏற்றினால் வண்டி ஆடும் என்று கடைக்காரர் விளக்கியதை அவன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அவள்தான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். அவள் வாயைத் திறந்து கேட்டது ஒன்றே ஒன்று, பின்னால் உட்காருகிறவர் சாய்ந்துகொள்ள மெத்தை வைத்த பின்பெட்டி. அதற்குத்தான் இந்த அடி.

"சார், பொம்பளைப் புள்ளை மேல கை வைக்காதீங்க" என்று கடைக்காரர் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய காலர் அவன் பிடியில் இருந்தது. கழுத்து இறுகி அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பெட்டி விக்கிறவன் பெட்டியை வித்தா போதும்" என்று அவரைச் சுவரில் மோதிவிட்டுத்தான் கையை எடுத்தான்.

அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. எடுத்த எடுப்பிலேயே கத்தினான். "மாத்திரை தீந்தா நான் என்ன பண்றது? ஒரு கை போயும் புத்தி வரலையா? வந்தேன்னா இன்னொன்னையும் ஒடிச்சுடுவேன்." கத்திக்கொண்டே வாசலுக்குப் போனான். இன்னும் எத்தனை பேரை இந்தப் படுபாவி முடமாக்கி வைத்திருக்கிறானோ என்று கடைக்காரர் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

அவள் சட்டென்று கிட்டே வந்தாள். "அண்ணே, அந்தப் பின்பெட்டியை எப்படியாவது மாட்டிக் குடுத்துடுங்க. சாய்மானம் மட்டும் நாலு விரல் கீழ இருக்கட்டும்."

அவளோ நெடுநெடுவென்று புருஷன் உயரம் இருந்தாள். அவ்வளவு இறக்கினால் நடுமுதுகில் குத்துமே என்றார் அவர். குத்தினால் குத்தட்டும் என்றாள். அடிபட்டு மரத்துப்போனவளுக்கு இதெல்லாம் ஒரு வலியா என்று நினைத்துக்கொண்டார் அவர்.

அவன் திரும்பி வந்ததும் அவர் ஒரு பொய்யை எடுத்துவிட்டார். ஏற்றத்தில் முறுக்கும்போது பின்னால் இருப்பவர் விழுந்து தொலைத்தால் கேஸ் ஓட்டினவன் தலையில்தான் விழும், பின்பெட்டி இருந்தால் பிழைத்தீர்கள் என்றார். பெண்டாட்டி விழுவதற்குக் கவலைப்படாத மனுஷன் கேஸுக்குப் பயந்தான். அவள் கேட்டபடியே சாய்மானம் நாலு விரல் இறங்கி, பெட்டி ஏறியது.

யானைக் கனம் கனக்கிற அந்த வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி வாசல் பக்கம் திருப்பி நிறுத்தியதும் அவள்தான், அந்த வீங்கிய விரல்களோடு. மெதுவாக இறக்கத் தெரியாதா என்று அதற்கும் பிடரியில் ஒன்று வைத்தான்.

அன்றிலிருந்து கடைக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. இந்தப் பயணம் போனால் அவள் உயிரோடு திரும்ப மாட்டாள், பள்ளம் பார்த்து ஒரு நாள் தள்ளிவிடுவான் என்று மனசு அடித்துக்கொண்டது. போதாததற்கு, பெட்டியை மாட்டி வழியனுப்பி வைத்ததே அவர்தான். காலரைப் பிடித்தபோதே ஒரு போடு போட்டிருக்க வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மறு வாரம் காலையில் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது அதே வண்டி வந்து நின்றது. அதே சிவப்புக் கோடு ஜாக்கெட், அதே ஹெல்மெட், முகத்தை மறைத்த கறுப்புக் கண்ணாடி. ஜாக்கெட்டில் தோளிலிருந்து மார்பு வரை ரத்தம் வழிந்து காய்ந்திருந்தது.

பின்னால் ஹெல்மெட் போட்டிருந்த உருவம் சாய்மானத்தில் கச்சிதமாகப் பொருந்திக் கிடந்தது. அடி வாங்கி வாங்கியே ஆள் பாதியாகக் குறுகிவிட்டாள் என்று அவர் நினைத்தார். அன்றைக்கு விரல், இன்றைக்கு முழங்கை வரை மாவுக்கட்டு. அதைப் பார்த்ததுமே அவருக்கு வெறி தலைக்கேறிவிட்டது.

ஓட்டி வந்த ஆள் இறங்கி, பக்கப் பெட்டியின் தளர்ந்த பட்டையை இறுக்கக் குனிந்ததுதான் தாமதம், கடைக்காரர் பெரிய ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தார். பின்கழுத்தைக் குறி பார்த்து இரண்டு கையாலும் ஓங்கினார். இன்றைக்கு இவனை முடித்துவிட்டு ஜெயிலுக்குப் போனாலும் போகிறது என்றிருந்தது அவருக்கு.

பின்னால் இருந்த உருவம் பதறிப்போய், நன்றாக இருந்த கையால் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டது. உள்ளே நரைத்த புருவம், வீங்கி மூடிப்போன ஒரு கண்.

"அதைக் கீழ போடுப்பா. அவனைப் பெத்த நானே, இருக்கற ஒரு கையால அவன் மண்டையைப் பொளந்துட்டுத்தான் வந்திருக்கேன். இது என் மருமக."