ஒரு மணி அறிவிப்பு

நம்போசே இடுப்பில் துக்கத் துணி கட்டியிருந்தாள். தலையில் பழைய வால்வு ரேடியோ. மசாகா சந்தையில் அவளுடைய வாழைக்காய்க் கடைக்கு எதிரேதான் செந்தோங்கோவின் ரேடியோக் கடை.

அவர் துணியைப் பார்த்தார். இறந்தது யாரென்று கேட்கவில்லை. பெட்டியை இறக்கி மேஜையில் வைத்தார்.

“ஒரு மணி அறிவிப்புக்குள்ள இது பேசணும், அண்ணே.”

“என்ன புதுசா அண்ணே? முகீபி அப்பான்னுதானே கூப்பிடுவே?”

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“எப்ப நின்னுச்சு?”

“காலைல ஏழு மணி அறிவிப்பு வரைக்கும் பேசுச்சு.”

“அப்பச் சரி. காலைல ரேடியோவுல வாசிச்ச சாவுச் சேதியையெல்லாம் ஒரு மணிக்குத் திரும்ப வாசிப்பாங்க.”

“தெரியும்.”

பின்பலகையைக் கழற்றினார். ஒலிபெருக்கிக்குப் போகும் கம்பி துண்டாகியிருந்தது. இரண்டு நுனியும் நேராக இருந்தன.

“உன் வீட்டு எலி பிளேடு வெச்சிருக்கா?”

அவள் சிரிக்கவில்லை.

கம்பியைப் பற்றவைத்தார். பக்கத்தில் கண்டென்சர் ஒன்று உப்பியிருந்தது. கேட்காமலே அதையும் மாற்றினார். முப்பது வருடத் தூசியைப் பிரஷ்ஷால் தட்டினார். முள் நகரும் அலைவரிசைக் கண்ணாடியைத் துடைத்தபோது மறைந்திருந்த ஊர்ப் பெயர்கள் தெரிந்தன.

சுவிட்சைத் திருப்பினார். வால்வுகள் மெல்லச் சிவந்தன. கொஞ்ச நேரம் எதுவுமில்லை. பிறகு கம்பாலாவிலிருந்து பாட்டு வந்தது, துளி இரைச்சல் இல்லாமல்.

“இதுக்குத்தான் இந்த வேலை. செத்தது வாயைத் திறக்கும் பாரு, அந்த நிமிஷம்...”

சொல்லிவிட்டு அவள் இடுப்பைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். பேச்சை மாற்றினார்.

“சரியானதும் எல்லாரும் தூக்கிட்டுப் போயிடுவீங்க. என் கடையில மிச்சமெல்லாம் ஊமைங்கதான்.”

“தெரியும்.”

“கால் மணி நேரம் இருக்கு. வீட்ல எல்லாரோடயும் உக்காந்து கேளு, போ.”

“இங்கயே கேக்கறேன்.”

அவளைத் தனியாகக் கேட்கவிட அவருக்கு மனம் வரவில்லை. தன் ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

பாட்டு நின்றது. முதல் அறிவிப்பு முகோனோவில் ஒரு குடும்பத்துக்கு. அடுத்தது வருமுன் அவர் குமிழைத் திருகிச் சத்தத்தைக் கூட்டினார்.

“மசாகா சந்தையில் ரேடியோ பழுதுபார்க்கும் செந்தோங்கோவுக்கு. உங்கள் மகன் முகீபி நேற்று மாலை லாரி விபத்தில் காலமானார். உடல்...”

குரல் தெளிவாக இருந்தது. ஒரு சொல்கூட உடையவில்லை. அவர் விரல்கள் குமிழின் மேலேயே இருந்தன.

“எலி இல்ல, முகீபி அப்பா. என் வாயால சொல்ல முடியாம, கம்பியை நான்தான் வெட்டினேன்.”