பெண் கேட்டு வந்தவர்கள்

"கொஞ்சம் எகிறிக் காட்டும்மா," என்றாள் கஸ்தூரியம்மாள்.

காபித் தட்டை நீட்டிக்கொண்டிருந்த பவித்ராவுக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம் வந்தது.

"இன்னாங்க?"

"எகிறணும்மா. பந்து அடிக்கிறப்போ எகிறுவியே, அது மாதிரி. டிவியில பாத்திருக்கேன். நேர்ல ஒரு தபா பாக்கணும்."

இதற்கு முன் பெண் பார்க்க வந்தவர்கள் நண்டுக் குழம்பு வைக்கத் தெரியுமா என்று கேட்டிருக்கிறார்கள். நடக்கச் சொல்லிப் பார்த்தவர்களும் உண்டு. எகிறச் சொன்னவர்கள் யாரும் இல்லை. பவித்ரா அம்மாவைப் பார்த்தாள். ராஜாத்திக்கும் ஒன்றும் புரியவில்லை. வந்த சம்பந்தத்தைக் கெடுப்பானேன் என்று, 'எகிறித் தொலை' என்பதுபோலக் கண்ணைக் காட்டினாள்.

பவித்ரா தட்டைக் கீழே வைத்துவிட்டு, பட்டுப்புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு எகிறினாள். விரல் நுனி தலைக்கு மேலிருந்த தாழ்வான கூரைத் தளத்தைத் தொட்டுவிட்டு வந்தது. அவளுடைய நைனா ராஜேந்திரன் தலை குனிந்துகொண்டார்.

"பாத்தியாடா?" என்று கஸ்தூரியம்மாள் மகனிடம் கேட்டாள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் சுபாஷ், திருப்தியாகத் தலையாட்டினான். வந்ததிலிருந்து அவன் பவித்ராவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவள் தோளையும் மணிக்கட்டையும்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

பவித்ரா பீச் வாலிபாலில் தேசியப் பட்டம் வாங்கியவள். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் இந்தக் குப்பத்து மணலில்தான் ஆடப் பழகினாள். அந்த ஆட்டத்தில் ஓர் அணிக்கு இரண்டே பேர். கூட ஆடிய மாலா கல்யாணமாகி மஸ்கட் போய்விட்டாள். அன்றோடு பவித்ராவின் போட்டிகளும் நின்றுபோயின. ஆனாலும் சாயங்காலமானால் மணலுக்குப் போய்விடுவாள். வலைக்கு இந்தப் பக்கம் நின்று சர்வீஸ் போட்டுவிட்டு, அந்தப் பக்கம் ஓடிப்போய் அவளே பந்தை எடுத்துவருவாள்.

அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் ராஜாத்தி மாப்பிள்ளை தேட ஆரம்பித்தாள். மீஞ்சூரிலிருந்து ஒரு குடும்பம் பெண் கேட்டு வருகிறது என்று எதிர்வீட்டு மனோரமா வந்து சொன்னதும், விசாரிக்கக்கூட இல்லை, வரச் சொல்லிவிட்டாள்.

பவித்ராவிடம் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. இதுவரை வந்த எல்லோரும் அதைக் கேட்டதும் எழுந்து போயிருந்தார்கள். இன்றைக்கும் அதைச் சொன்னாள்.

"கல்யாணமானாலும் நான் ஆட்டத்தை விடமாட்டேங்க."

"விட்டுடாதம்மா. நீ ஆடலைன்னா நாங்க எதுக்கு இம்மாந் தூரம் வரோம்?" என்றாள் கஸ்தூரியம்மாள்.

பவித்ரா குழம்பிப்போனாள். விரட்ட வைத்திருந்த ஒரே வாக்கியமும் வீணாய்ப் போயிற்று. அதைவிட, அந்தப் பதில் அவளுக்குப் பிடித்துப்போனதுதான் இன்னும் குழப்பமாக இருந்தது.

"தோத்துட்டா மூஞ்சியைத் தூக்கி வச்சிக்குவியா?"

"அன்னிக்கு யார்கிட்டயும் பேசமாட்டேன். காலைல சரியாயிடும்."

"அது போதும். எங்க வீட்டுல தோத்தா அழுவும். ஒண்ணு அழுவட்டும், ஒண்ணு கம்முனு கெடக்கட்டும்."

பவித்ரா சுபாஷை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். தாட்டியான ஆள். அழுகிறவன் மாதிரித் தெரியவில்லை.

"நீங்க எந்தப் பக்கம் நிப்பீங்க? இடதா, வலதா?" சுபாஷ் முதல்முறையாக வாயைத் திறந்தான்.

"இடது," என்றாள் பவித்ரா, பழக்கதோஷத்தில்.

"இன்னாடி ஒளர்ற, மணவறைல பொண்ணு வலது பக்கம்தான்," என்று ராஜாத்தி அவளைக் கிள்ளினாள்.

கஸ்தூரியம்மாள் அதைக் காதிலேயே வாங்கவில்லை. "பாத்தியா, எங்களுது வலது. அப்படியே பொருந்துது," என்று பூரித்தாள்.

ராஜேந்திரன் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார். "ஜாதகம் எடுத்தாந்தீங்களா?"

"இதுக்கு இன்னாத்துக்குங்க ஜாதகம்? உங்க பொண்ணை எங்க வீட்டுக்கு அனுப்புங்க. ரெண்டு மாசம் கூட இருந்து பழகட்டும். ஒத்துவந்தா பாப்போம். இல்லேன்னா கொண்டாந்து விட்டுடறோம்."

ராஜேந்திரன் எழுந்துவிட்டார். "இன்னாம்மா பேசற? என் பொண்ணு இன்னா வாடகை சைக்கிளா?"

ராஜாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கஸ்தூரியம்மாளோ தான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று தெரியாமல் மகனைப் பார்த்தாள். அவனும் முழித்தான்.

பவித்ரா நம்பமுடியாமல் அவர்களைப் பார்த்தாள். இவ்வளவு நல்லபடியாகப் பேசியவர்கள் கடைசியில் இப்படியா? ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், இந்த வீட்டுக்குப் போனால் திரும்பவும் ஆடலாம் என்று ஆசைப்பட்டுவிட்டோமே என்று நினைத்தபோது கண் கலங்கியது. அதை மறைக்கக் குரலை உயர்த்தினாள்.

"இதோ பாருங்க. நேராவே சொல்லிடறேன். உங்களைக் கட்டிக்க எனக்கு இஷ்டமில்ல."

சுபாஷ் விருட்டென்று எழுந்தான். கையிலிருந்த காபி சட்டையில் கொட்டியது.

"என்னையா? எனக்குக் கல்யாணமாயி ரெண்டு வருஷம் ஆவுதுங்க," என்றான். "என் சம்சாரம் கீதா வெளிய வேன்ல உக்காந்துனு கீறா. போன வருஷம் பைனல்ல உங்ககிட்ட தோத்தாளே, அவதான். நேர்ல வந்து கேக்க பயந்துகினு எங்களை அனுப்புனா. நெட்டுக்கு அந்தாண்ட நின்னு உங்ககிட்ட தோத்துத் தோத்து அலுத்துப்போச்சாம், இனிமே இந்தாண்ட வந்து உங்க ஜோடியா நிக்கணுமாம்."