அரிக்கும் தொப்பி

நெதர்லாந்தின் உட்ரெக்டில் யாருக்குப் பிறந்தநாளோ அவர்தான் கேக் கொண்டுவர வேண்டும். அன்று ஆராய்ச்சி டாக்டருடைய முறை. கேக் என்றால் உதவியாளன் யோரிஸுக்கு உயிர். தொப்பிகளை மேசைமேல் போட்டுவிட்டுப் பக்கத்து அறைக்கு ஓடிவிட்டான்.

ரென்ஸ்கே காத்திருந்ததும் இதற்குத்தான்.

மேசையில் இரண்டு தொப்பிகள். ஒன்று, பிள்ளைகளின் ஞாபகசக்தி கூட, மூளைக்கு மெல்லிய மின்சாரம் செலுத்தும். மற்றது சும்மா, பேருக்கு. எது எதுவென்று மாட்டிவிடும் யோரிஸுக்கே தெரியாது. ஆராய்ச்சி என்றால் அப்படித்தானாம். ஒன்றில் 'யெல்லே' என்று ஸ்டிக்கர், மற்றதில் 'ஃபெம்கே'.

யெல்லே அவள் மகன், ஒன்பது வயது. "ஷூவை மாட்டிக்கிட்டு பையை எடுத்துட்டு வா" என்றால் ஒற்றை ஷூவோடு வந்து நிற்பான். இரண்டு காரியம் சேர்ந்தாற்போல் மண்டையில் தங்காது. இப்படியே போனால் அடுத்த வருடம் வேறு பள்ளிக்கூடம் என்று சொல்லிவிட்டார்கள். "என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம்?" என்று அவன் கேட்டதிலிருந்து ரென்ஸ்கேவுக்குத் தூக்கம் போய்விட்டது.

போதாக்குறைக்கு ஃபெம்கேவின் அம்மா ஹனெக்கே.

"எங்க ஃபெம்கேவுக்குத் தலை அரிச்சுக்கிட்டே இருக்காம். கரண்டு நல்லா ஏறுதுன்னு அர்த்தம். உன் பையனுக்கு?"

"ஒண்ணுமே தெரியலையாம்."

"அடப் பாவமே, சும்மா தொப்பிதான் போல! விடு, மழைக்காவது ஆகும்."

ரென்ஸ்கே நகத்தால் நெம்பி இரண்டு ஸ்டிக்கரையும் உரித்தாள். ஃபெம்கேவும் பச்சைப் பிள்ளை; அவளிடமிருந்து தட்டிப் பறிக்கிறோமே என்று நெஞ்சு உறுத்தியது. என்ன செய்ய, தன் பிள்ளை தன் பிள்ளைதானே! மாற்றி ஒட்டிவிட்டு வெளியே வந்து, இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்ற முகத்தோடு பத்திரிகையைப் புரட்டினாள்.

யோரிஸ் உதட்டில் கிரீமோடு திரும்பி வந்து பிள்ளைகளை உள்ளே அழைத்துப் போனான்.

மறுபடி கதவு திறந்தபோது, யெல்லே தலையை வறட் வறட்டென்று சொறிந்துகொண்டு வந்தான். ரென்ஸ்கேவுக்கு உச்சி குளிர்ந்தது.

"அரிக்குதாடா கண்ணா?"

அவன் முகம் கடுகடுவென்று இருந்தது. சைக்கிள் நிறுத்துமிடம்வரை அவளை இழுத்துப்போய், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தான்.

"அம்மா, யாரோ ஸ்டிக்கரை மாத்திட்டாங்க."

"உ... உனக்கு எப்படிடா தெரியும்?"

"மொத நாள் எனக்கு வந்தது இதே அரிக்கிற தொப்பிதான். ரெண்டாவது வாரமே, யோரிஸ் தண்ணி எடுக்கப் போன நேரம் பாத்து, ரெண்டு ஸ்டிக்கரையும் உரிச்சு மாத்தி ஒட்டிட்டேன். ஃபெம்கே காட்டிக்குடுக்காம இருக்க வாராவாரம் என் பிஸ்கட்டை அவளுக்குக் குடுக்கறேன். ஒரு வாரம்கூட மறக்கலை. எவ்வளவு யோசிச்சுப் பண்ணினேன் தெரியுமா? எல்லாம் வீணாப் போச்சு!"

திட்டத்தான் வாயைத் திறந்தாள். திட்டு வரவில்லை, கண்தான் கலங்கியது. அவளுக்கு இருந்த சந்தோஷத்தில் அவனை அங்கேயே தூக்கிச் சுற்றியிருப்பாள்.

யெல்லே அவள் கோட்டைப் பிடித்து இழுத்தான்.

"அழாதம்மா. அந்தத் திருடனைப் பிடிக்க ஒரு திட்டம் வெச்சிருக்கேன், மூணே மூணு காரியம்தான். நீ மறந்துடாம ஞாபகம் வெச்சுக்கணும், என்ன?"