புறாக்கூண்டின் தரை

ஒரு கை மரத்தூளை அள்ளி வெயிலில் வீசினாள்.

தகர மறைப்பின் இடுக்கு வழியாக ஒற்றைக் கற்றை வெயில் கூண்டுக்குள் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. தூள் அதற்குள் பொங்கியது. சுழன்றது. தரையில் இறங்க மனமில்லாததுபோல் மிதந்தது.

மூக்கை மூடியிருந்த ஈரத்துண்டை இன்னும் இறுக்கிக் கட்டினாள்.

மரத்தூள் வேண்டாம்.

கூண்டு காலியாக இருந்தது. புறாக்களைக் காலையிலேயே பறக்கவிட்டிருந்தாள். அவை துறைமுகத்துப் பக்கம் வானத்தில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தன. அவை திரும்புவதற்குள் தரையில் எதைப் பரப்புவது என்று முடிவு தெரிந்தாக வேண்டும்.

எப்சிபா என்றால் புதுவண்ணாரப்பேட்டையில் புறா விடுகிற அத்தனை பேருக்கும் தெரியும். அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திதான் பெண். நாக்பூரில் திறந்துவிட்ட அவளுடைய நீலச் சேவல் புறா, போன வருஷப் பந்தயத்தில் மற்ற எல்லாருடைய பறவைக்கும் முந்தி இந்த மொட்டைமாடியில் வந்து இறங்கியது.

இருமல் அதற்கப்புறம்தான் வந்தது. வந்தது போகவில்லை.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். புறாத் தூசி என்றார்.

“பறவையா, நெஞ்சா? நீங்களே முடிவு பண்ணிக்குங்க.”

அவள் கணவன் தேவசகாயம் அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டான். அவளிடம் சொல்லாமல் நாலு புறாவைப் பிடித்துக் கூடையில் போட்டு, கும்மிடிப்பூண்டியில் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு வந்தான். அந்த மனிதர் விவரம் தெரியாமல் கூடையைத் திறந்துவிட்டார். தேவசகாயம் பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தபோது நாலும் கூண்டின் மேல் உட்கார்ந்திருந்தன.

எப்சிபா சண்டை போடவில்லை. சிரிக்கவும் இல்லை.

எங்கே கொடுத்தாலும் இங்கேதான் வரும். அப்படி வரத்தானே அவள் பழக்கியிருந்தாள்.

அதனால் தரையை மாற்றுவது என்று தீர்மானித்தாள். தூசி தரையிலிருந்துதான் கிளம்புகிறது. எச்சம் காய்கிறது, சிறகடிக்கும்போது பறக்கிறது. தரை சரியாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும். டாக்டருக்குப் புறாவைப் பற்றி என்ன தெரியும்?

அடுத்தது உமி. செங்குன்றத்து அரிசி ஆலையிலிருந்து வந்தது.

அள்ளி வீசினாள். உமி விழுந்துவிட்டது. அதோடு வந்த தவிட்டுப் பொடி விழவில்லை.

உமியும் வேண்டாம்.

கடைசியாக மணல். சலித்து, அலசி, வெயிலில் உலர்த்தி, வாளி வாளியாக அவளே மாடிக்குச் சுமந்து சாக்கில் கொட்டியது. ஒவ்வொரு வாளிக்கும் பாதிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியிருந்தாள்.

வீசினாள்.

பொத்தென்று விழுந்தது. முறத்தை எடுத்து விசிறிப் பார்த்தாள். வெயில் கற்றை கழுவி வைத்த கண்ணாடிபோல் இருந்தது.

துண்டுக்குள் அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

மண்டியிட்டு, மூலை முடுக்கு விடாமல் மணலைப் பரப்பினாள். உள்ளங்கையால் தடவிச் சமப்படுத்தினாள். பிறகு வெளியே வந்து சோளம் போட்ட டப்பாவைக் குலுக்கினாள்.

வானம் மடங்கி இறங்கியதுபோல் புறாக்கள் வந்தன. ஒன்றன்பின் ஒன்றாகக் கூண்டுக்குள் நுழைந்தன. நீலச் சேவல் மணலில் இறங்கி நின்று, உடம்பை ஒருமுறை உதறிக்கொண்டது.

வெயில் கற்றை வெளுத்தது.

மாவு சலித்ததுபோல் மெல்லிய வெள்ளைப் பொடி. இன்னொன்று உதறியது. இன்னும் வெளுத்தது.

அவள் குனிந்து மணலைப் பார்த்தாள்.

மணல் அப்படியே கிடந்தது.

இறகிலிருந்தே வருகிறது.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இருமல் வந்தது. வலைக்கதவைச் சாத்திவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு இருமி முடித்தாள். கண்ணைத் துடைத்தாள்.

“யோவ், மேல வா.”

தேவசகாயம் கடைசிப் படிவரை வந்து நின்றான். அதற்கு மேல் அவன் என்றைக்கும் வந்ததில்லை. சிறகடித்தாலே அவனுக்குப் பயம்.

“இன்னா மே?”

“தரைக்கு இன்னா போடலாம், சொல்லு.”

“என்னைக் கேக்குற?”

“உள்ள போறவங்கதான சொல்லணும்.”

அவனுக்கு உடனே புரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான். கூண்டைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான்.

கடைசிப் படியைத் தாண்டி மாடிக்கு வந்தான்.

மூன்று சாக்குகளையும் காலால் தட்டிப் பார்த்தான். குனிந்து தூக்கிப் பார்த்தான். மீதி மணல் இருந்த சாக்கு அசையவில்லை.

“என் முட்டிக்கு இது ஆவாது மே. உமின்னா ஒரு மூட்டையத் தோள்ல போட்டுனு ஏறிடுவேன்.”

உமியில் பொடி இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தாள்.

“சரி, உமியே போடு. சலிச்சுட்டுப் போடு. மூஞ்ச நல்லா கட்டிக்கோ.”

அவன் கட்டிக்கொண்டான். வலைக்கதவைத் திறந்து, தோளைக் குறுக்கிக்கொண்டு மணலை அள்ள உள்ளே போனான்.

புதிய ஆள். கூண்டே பதறியது. எல்லாம் ஒரே வீச்சில் மேல்தட்டுக்கு எழும்பி வலையில் மோதின. அவன் கையால் தலையை மறைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்துவிட்டான்.

எப்சிபா வாயைக் குவித்தாள்.

அவளுடைய ஒரு விசில் போதும். எல்லாம் அடங்கிவிடும். அடங்கி, அவள் நிற்கிற பக்கம் திரும்பிப் பார்க்கும்.

உதட்டை மடித்துக்கொண்டாள்.

படியிறங்கத் தொடங்கினாள்.