மிளகு ரசம்

"காச்சல்ல கெடந்த புள்ளைக்கு மொளகு ரசத்த ஊத்திப் படுக்க வெச்சிருக்கறீங்க. உங்க மகளா இருந்தா இப்படி உட்டிருப்பீங்களா?"

நாமக்கல் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் வசந்தாமணி குஞ்சம்மாளைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே கிடந்த தனப்பிரியா வசந்தாமணிக்கு மகள், குஞ்சம்மாளுக்கு மருமகள். கல்யாணமாகித் தலை ஆடிகூட இன்னும் வரவில்லை.

சீர்ப்பெட்டியை மகளைக்கூடத் தொடவிடாமல், தன் கையாலேயே பார்த்துப் பார்த்து அடுக்கி அனுப்பியவள் வசந்தாமணி. அவள் கோபப்படாமல் வேறு யார் கோபப்படுவார்கள்?

காலையில் தனப்பிரியா குளிருகிறது என்றாள். குஞ்சம்மாள் ரசம் வைத்துக் கொடுத்து, தோட்டத்துக்கும் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று பெண் ஒருமுறை கேட்டாள். சளிக்காய்ச்சலுக்கு எதற்கு சாமி என்று குஞ்சம்மாள் சொன்னதும், ஏதோ சொல்ல வாயெடுத்தவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பொழுது சாய்வதற்குள் நினைவு தப்பிவிட்டது. பரமத்தி வேலூரிலிருந்து கார் பிடித்து வந்து சேர்ந்தபோது கைகால் சில்லிட்டிருந்தது.

கூடியிருந்த சொந்தக்காரர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். மாமியாரைத் திட்டுவதற்கு நம் ஊரில் யாரும் காரணம் தேடி அலைவதில்லை.

டாக்டர் வெளியே வந்து, வயிற்றில் பழைய தழும்பு இருக்கிறதே, என்ன ஆபரேஷன் என்று கேட்டார். பெண் பார்க்கப் போனபோதே குடல்வால் என்று சொன்னார்கள் என்றாள் குஞ்சம்மாள். குடல்வால் வலப்பக்கம், இது இடப்பக்கம் என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே ஓடினார். வசந்தாமணி முந்தானையை வாயில் வைத்து அழுதாள்.

மறுபடி அவர் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

ஸ்கேனில் மண்ணீரலே இல்லை என்றார். அதை எடுத்தவர்களுக்குக் கிருமியை எதிர்க்கும் சக்தி குறைவு. தடுப்பூசி போட்டிருந்தாலும் சாதாரணக் காய்ச்சல் என்று விட முடியாது, ஒரே நாளில் உயிரைக் கொண்டுபோய்விடும். மாத்திரை கொடுத்து, உடம்பு சுட்டதுமே அதைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வரச் சொல்லி வைப்பார்கள், இந்தப் பெண்ணிடமும் இருந்திருக்க வேண்டுமே என்றார்.

குஞ்சம்மாள் சம்பந்தியின் காலடியில் சரிந்தாள். இத்தனை பேச்சு கேட்டவளுக்கு யார் மேலும் கோபம் வரவில்லை. பெற்ற பெண்ணைப் பறிகொடுத்தவள் போலத்தான் அழுதாள்.

"உங்களுக்கும் வெவரம் தெரிஞ்சிருக்காதுங்க. மாத்திரை பொட்டிக்குள்ளதான் எங்கியோ இருக்கும். நாந்தான் ஒருக்கா தேடிப் பாக்காம ரசத்த வெச்சுட்டு உக்காந்திருந்தேன், பாவி."

வசந்தாமணி கால்களை இழுத்துக்கொண்டாள்.

"பொட்டியில தேடாதீங்க சம்பந்தி. உங்க கண்ணுல பட்டுறக் கூடாதுன்னு நாந்தானுங்க எடுத்து எங்கூட்டுப் பீரோவுல வெச்சுப் பூட்டுனேன்."